இராமநாதபுரம் கடலோரத்தில் குறைந்த வாடகைக்கு வீடு பிடிப்பது எப்படி?

இராமநாதபுரம் கடலோரத்தில் வாடகை வீடு தேடுகிறவர் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது வாடகை எவ்வளவு என்பதன்று. குடிக்கவும் புழங்கவும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே. மதுரையிலோ திருச்சியிலோ வீடு பார்த்துப் பழகியவர்கள் அறைகளின் அகலத்தையும் அட்வான்ஸையும் பேசி முடித்துவிட்டு, பால் காய்ச்சிக் குடியேறிய பிறகுதான் குழாயைத் திறந்து பார்க்கிறார்கள். இந்தப் பக்கத்தில் அந்த வரிசை உதவாது. வாடகை, தண்ணீர், மின்சாரம் ஆகிய மூன்றையும் கூட்டினால் வருவதே மாதச் செலவு என்பதால், வாடகையை மட்டும் பார்த்து மலிவு என்று முடிவு செய்த வீடு மூன்றாம் மாதமே பர்ஸைக் கடிக்கத் தொடங்கும்.

எந்தப் பகுதியில் தேடுவது என்பதைப் பணியிடம்தான் தீர்மானிக்கும். மாவட்டத் தலைநகரில் ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டிய பாரதி நகர், பட்டணம்காத்தான் பக்கம் அரசு ஊழியர்கள் விரும்பிக் குடியேறுவதால் வாடகை ஒரு படி கூடுதலாகவே இருக்கும். கேணிக்கரை போன்ற பழைய பகுதிகளின் உள்தெருக்களிலும், சக்கரக்கோட்டை போல நகரை ஒட்டி வளர்ந்த இடங்களிலும் தேடினால் கையைக் கடிக்காத வீடுகள் கிடைக்கும். சாலை குறுகலாக இருக்கும், அடுத்த வீட்டு மிக்சி ஓசை கேட்கும், பார்ப்பதற்கு எடுப்பாக எதுவும் இராது, ஆனால் பேருந்து நிலையமும் சந்தையும் எட்டும் தூரத்தில் இருக்கும். இராமேசுவரத்தில் வேலை என்றால் தங்கச்சிமடம், பாம்பன் ஆகிய ஊர்களைப் பார்க்கலாம். இராமநாதபுரத்துக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவில் போய்வர வேண்டியவர்களுக்கு உச்சிப்புளியும் மண்டபமும் பொருந்தும். நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் இரண்டையும் தொட்டுச் செல்கின்றன. ஆனால் ரயிலை மட்டும் நம்பி இராமேசுவரம் தீவுக்குள் வீடு பிடிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் நின்ற ரயில் போக்குவரத்து, புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட பிறகே மீண்டது. அதுவரை ரயில் பயணிகள் மண்டபத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டியிருந்தது.

இராமேசுவரம் நகருக்குள் தேடுகிறவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை தேவை. இராமநாதசுவாமி கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள வீடுகளுக்கு நாள் வாடகைக்கு வரும் யாத்திரிகர்களே பெரிய வருமானம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஓர் அறைக்கு ஒரே இரவில் கிடைக்கும் தொகையைப் பார்த்த உரிமையாளர், மாத வாடகைக்காரரை ஒரு பாரமாகவே நினைப்பார். ‘ரெண்டு நாள் மட்டும் முன் ரூமை விட்டுக் கொடுங்க’ என்று கேட்கிறவர்களும் உண்டு. ஏர்வாடியில் தர்காவைச் சுற்றியுள்ள தெருக்களுக்கும் இது பொருந்தும். சுற்றுலாப் பயணி எட்டிப் பார்க்காத தெருவே குடும்பத்துக்கு உகந்தது. வாடகை குறைவதற்கும் அதுவே காரணம்.

வீடு தேடும் முறைக்கு வருவோம். இணையதள விளம்பரங்களில் இந்தப் பகுதியின் சிறிய வீடுகள் பெரும்பாலும் ஏறுவதில்லை. தெருவில் நடந்து, மளிகைக் கடையிலும் டீக்கடையிலும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் விசாரிப்பதே பலன் தரும். என்னைக் கேட்டால், எல்லோரையும்விடத் தள்ளுவண்டியில் குடம் குடமாகத் தண்ணீர் விற்பவரிடம் பேசுவதே மேல் என்பேன். எந்த வீடு காலியாகிறது என்பதோடு, அந்தத் தெருவில் யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறது, யார் நாளுக்கு ஆறு குடம் வாங்குகிறார்கள் என்பதும் அவருக்கு மனப்பாடம். தரகர் மூலம் போனால் பெரும்பாலும் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்பார். வீடு முடிந்து சாவி கைக்கு வந்த பிறகே கொடுப்பதாக முதலிலேயே பேசிவிட வேண்டும். பள்ளி விடுமுறையில், அதாவது மே மாதத்தில், வீடுகள் அதிகமாகக் காலியாகும். அந்த மாதத்தில் தேடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது தண்ணீரைப் பற்றியது.

கடலோர மணலில் பெய்த மழைநீர், அடியில் உள்ள உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, தை மாதத்தில் போய் அடிபம்பை அடித்துப் பார்த்தால் தண்ணீர் இனிக்கும். கோடையில் மோட்டார் போட்டு இறைக்க இறைக்க மேலுள்ள நன்னீர் மெலிந்து, அடியிலிருக்கும் உப்புநீர் மேலேறி வந்துவிடும். ஆகவே தையில் நன்னீராக இருந்த அதே போர்வெல் வைகாசியில் உவர்ப்பாக மாறுவது இங்கே வியப்பன்று. ஒரு தெருவில் நன்னீரும் அடுத்த தெருவில் உவர்நீரும் கிடைப்பதும் உண்டு என்பதால், ஊரின் பெயரை வைத்து ‘அங்கே தண்ணீர் நல்லா இருக்கும்’ என்று யாரேனும் சொன்னால் அதைப் பாதிதான் நம்ப வேண்டும். கோடையில் வீடு பார்ப்பவர் மோசமான நிலையை நேரில் கண்டுவிடுகிறார். மழைக்காலத்தில் பார்ப்பவர் பக்கத்து வீட்டில் கேட்டறிய வேண்டும்.

வீட்டுக்காரர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். வழக்கமாக உரையாடல் இப்படிப் போகும்:

“தண்ணி எப்படிங்கம்மா?”

“அதுக்கு ஒரு குறையும் இல்ல தம்பி, எந்நேரமும் வரும்.”

“குடிக்கலாமாம்மா?”

“குடிக்கிறதுக்கு வண்டியில வாங்கிக்கிறதுதான். தெருவுல எல்லாரும் அப்படித்தான்.”

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. எந்நேரமும் வருவது புழங்கும் தண்ணீர். ஆகவே கேள்வியை மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும்: குடிக்க எது, சமைக்க எது, குளிக்கவும் துவைக்கவும் எது? காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய் அந்தத் தெருவுக்கு வருகிறதா, வீட்டுக்குள் இணைப்பு உண்டா அல்லது தெருக்குழாயில் பிடிக்க வேண்டுமா, எத்தனை நாளுக்கு ஒரு முறை விடுகிறார்கள், விடும் நேரம் காலையா நள்ளிரவா என்பவற்றையும் கேட்க வேண்டும். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் குடும்பத்தில், பகல் 11 மணிக்கு வரும் தண்ணீர் வராத தண்ணீருக்குச் சமம். அத்தகைய வீட்டில் தரைத்தொட்டி இருந்தால்தான் பிழைப்பு. தொட்டி இருந்தாலும் அது ஒரே போர்ஷனுக்கா, நான்கு போர்ஷனுக்கும் பொதுவா என்று பார்க்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். ஒரு சிறு சோப்புத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், குழாயடியில் கை கழுவிப் பாருங்கள். நுரை வராமல் தயிர்போலத் திரிந்தால் அந்தத் தண்ணீரில் துணி வெளுக்காது, பருப்பும் வேகாது. குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பையும், குளியலறைச் சுவரில் வாளி வைக்கும் உயரம்வரை படர்ந்திருக்கும் கறையையும் பார்த்தாலே முந்தைய குடித்தனக்காரர் பட்ட பாடு தெரிந்துவிடும்.

இப்போது கணக்குப் போடலாம். ஒரு வீட்டின் வாடகை 4,500 ரூபாய் என்றும், குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 4 குடம் வாங்க வேண்டும் என்றும், குடம் 12 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 1,440 ரூபாய் தண்ணீருக்கே போகும். கோடையில் புழங்கும் தண்ணீரும் குறைந்து, போர்ஷன்காரர்கள் சேர்ந்து லாரித் தண்ணீர் இறக்கினால் அதன் பங்கு தனி. குழாய் இணைப்பும் தொட்டியும் உள்ள வீட்டுக்கு 5,800 ரூபாய் கேட்டால், அதுதான் மலிவான வீடு. இந்தக் கூட்டலைச் செய்யாமல் வாடகையில் 200 ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடும்.

அடுத்தது கட்டடம். உப்புக்காற்றும் உவர்நீரும் சேர்ந்து கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துருவேறிய கம்பி பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே வெடிக்கச் செய்கிறது. உவர்நீரிலேயே கலவை குழைத்துக் கட்டிய வீடாக இருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வீடு பார்க்கும்போது துடைப்பக் கட்டையின் அடிப்பக்கத்தால் சீலிங்கை ஆங்காங்கே தட்டிப் பாருங்கள். கெட்டியான இடத்தில் ஓசை தெளிவாகக் கேட்கும். பெயர்ந்து நிற்கும் இடத்தில் பொள்ளென்று கேட்கும். கட்டில் போடும் இடத்துக்கும் தொட்டில் கட்டும் கொக்கிக்கும் மேலே கட்டாயம் தட்ட வேண்டும். வீடு முழுவதும் பழைய வெள்ளையாக இருக்க, சீலிங்கில் ஒரு மூலையில் மட்டும் புதுச் சுண்ணாம்பு பளிச்சென்று தெரிந்தால், அங்கே ஏற்கெனவே காரை விழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்துப் பொரிந்திருந்தால் அங்கே பீரோவோ அரிசி மூட்டையோ வைக்க முடியாது. சின்ன வீட்டில் ஒரு சுவரை இழப்பது பெரிய இழப்பு.

கூரையைப் பொறுத்தவரை, காரை வீடு, ஓட்டு வீடு, சிமென்ட் ஷீட் போட்ட வீடு என்ற வரிசையில் வாடகை இறங்கும். மொட்டை மாடியில் ஷீட் போட்டு இறக்கிய ஓர் அறையை, காற்று நன்றாக வரும் என்று சொல்லிக் காட்டுவார்கள். சித்திரை வெயிலில் பகல் 2 மணிக்கு அந்த அறையில் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கடற்கரையை ஒட்டியதென்றால், கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கடல் பக்கத்து வீடுகளில் மணலும் உப்பும் ஜன்னல் வழியாக உள்ளே வரும். வாடைக் காலத்தில் வடகடல் பக்கத்துக்கு அதே கதி. ஷீட்டைக் கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கிறார்களா, வெறும் கல்லைத் தூக்கி வைத்திருக்கிறார்களா என்று அண்ணாந்து பார்ப்பது நல்லது.

ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும் தெருக்களும் உண்டு. கண்மாயையோ ஊருணியையோ ஒட்டிப் பிளாட் போட்ட இடங்களில் வாசற்படி தெருவைவிட எத்தனை படி உயரம் என்று எண்ணிப் பாருங்கள். சக்கரக்கோட்டைக் கண்மாய் பறவைகள் சரணாலயமாக இருப்பது காண்பதற்கு இனியது. ஆனால் பறவை வந்து தங்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும் இடத்தின் அருகில் வீடு பிடிக்கிறோம் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். நிலத்தடி நீர் மேலே இருக்கும் மணற்பாங்கான இடங்களில் மழை வலுத்தால் செப்டிக் டேங்க் நிரம்பிக் கழிவறையில் தண்ணீர் இறங்காமல் நிற்கும். இதை வீட்டுக்காரர் தாமாகச் சொல்ல மாட்டார். பக்கத்துப் போர்ஷன் பெண்களிடம் கேட்டால் ஒரே நிமிடத்தில் விடை கிடைக்கும்.

மின்சாரத்தில் ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம்: உங்கள் போர்ஷனுக்குத் தனி மின் இணைப்பு உண்டா? தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். பயன்பாடு கூடக்கூட யூனிட் விலை ஏறும். நான்கு போர்ஷனுக்கும் ஒரே இணைப்பை வைத்து, சப்-மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வசூலிக்கும் இடங்களில் அந்த 100 யூனிட் உங்களுக்கு வந்து சேராது. எல்லோர் பயன்பாடும் ஒரே பில்லில் சேர்வதால் அது உயர்ந்த கட்டணப் படிக்கும் போய்விடும். தனி இணைப்பு இருந்தால் மின் இணைப்பு எண்ணை வாங்கி, பழைய பாக்கி எதுவும் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சப்-மீட்டர்தான் என்றால், யூனிட் விலையை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பொது மோட்டாரின் கரண்ட் யார் கணக்கில் ஓடுகிறது என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

இனி, வீட்டை விடுகிறவர் யார் என்பது. கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் உரிமையாளர் வளைகுடா நாட்டிலோ மலேசியாவிலோ இருக்க, மச்சானோ பெரியம்மா மகனோ வீட்டைக் காட்டுவது சாதாரணம். பெரும்பாலும் நல்ல மனிதர்களே. ஆயினும் அட்வான்ஸை வாங்கியவர் ஒருவர், திருப்பித் தர வேண்டியவர் இன்னொருவர் என்று ஆகும்போது தகராறு வருகிறது. “பாய், மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை வீடியோ கால்ல பேசிக்கிறேன்” என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. பவர் பத்திரம் யாரிடம் இருக்கிறதோ அவர் கையெழுத்திட வேண்டும். பணம் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் யார் பெயரில் இருக்கின்றன என்று பார்த்தால் பாதி உண்மை தெரிந்துவிடும். கடலோரத்திலும் கண்மாய்க் கரையிலும் புறம்போக்கில் கட்டிய வீடுகள் உண்டு என்பதால், வாடகை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் பட்டா இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

நமது பக்கத்தில் மாத வாடகையைவிட ஒத்திக்கு வீடு பிடிக்க விரும்புகிறவர்களும் உண்டு. மொத்தமாக 3 இலட்சம் ரூபாய் கொடுத்து மூன்று ஆண்டு வாடகையில்லாமல் இருந்து, போகும்போது 3 இலட்சத்தையும் வாங்கிக்கொள்வது கேட்பதற்கு இலவசம்போல் இருக்கும். கையில் சும்மா இருந்த பணம் என்றால், ஆண்டுக்கு 7 சதவீத வங்கி வட்டியை இழக்கிறோம் என்று வைத்து, மாதம் 1,750 ரூபாய்தான் உண்மையான வாடகை, நல்ல பேரம். அதே 3 இலட்சத்தை இரண்டு வட்டிக்கு வெளியில் வாங்கிக் கொடுத்தால் மாதம் 6,000 ரூபாய் வட்டி கட்டுவீர்கள். அதற்கு நேராக வாடகையே கொடுத்துவிடலாம். வட்டியைவிடப் பெரிய ஆபத்து, முதல் திரும்ப வராமல் போவது. வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து, உரிமையாளர் தவணை கட்டத் தவறினால், ஜப்திக்கு வரும் வங்கிக்கு உங்கள் வெள்ளைத்தாள் ஒப்பந்தம் ஒரு பொருட்டன்று. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். ஆனால் மூலப்பத்திரத்தை வெறுமனே ஒப்படைத்து வாங்கிய கடன் எல்லா நேரமும் அதில் தெரியும் என்று சொல்ல முடியாது. ஆகவே அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, நூறு ரூபாயோ அதற்கு மேலோ ஆன ஒத்தி அடமானம் பதிவு செய்த பத்திரத்தால்தான் செல்லும். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி இரண்டு சாட்சி போட்டால் போதும் என்று தரகர் சொன்னால், அவருடைய சொந்தப் பணமாக இருந்தால் அப்படிச் செய்வாரா என்று கேளுங்கள். பதிவுக்கு ஒப்பாத உரிமையாளரிடம் மாத வாடகைக்கே பேசுவது உத்தமம்.

வாடகைக்கு என்றாலும் எழுத்து வேண்டும். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது; அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிந்து பதிவு எண் பெறுவதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் இதற்குப் பொறுப்பு. வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. வாடகைத் தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ உரிமையாளர் நிறுத்தவும் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் உரிமையாளரிடம் சட்டப் புத்தகத்தை நீட்டினால் வீடு கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் சட்டத்தில் மூன்று மாதம் என்று இருப்பதை ஒரு முறை மெல்லச் சொன்னால், பத்து ஐந்தாகக் குறைவதற்கு வழி பிறக்கும். பதினோரு மாதத்துக்கு எழுதுவது வழக்கம். வாடகை எப்போது எவ்வளவு ஏறும், காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், வெள்ளையடிக்கும் செலவு யாருடையது, தண்ணீருக்குத் தனிக் கட்டணம் உண்டா என்ற நான்கும் அதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். கேஸ் இணைப்பு போன்றவற்றுக்கும் இந்த ஒப்பந்தமே கை கொடுக்கும்.

‘நீங்க என்ன ஆளுக?’ என்ற கேள்வியும் வரும். சில தெருக்களில் ஜாதி பார்த்து, சில தெருக்களில் மதம் பார்த்து, கோயிலை ஒட்டிய சில இடங்களில் சைவமா அசைவமா என்று பார்த்து வீடு விடுகிறார்கள். அது நியாயமன்று என்று வாசலில் நின்று வாதாடி வென்று குடியேறினாலும், பிறகு அந்த வீட்டில் நிம்மதியாக மீன் கழுவ முடியாது. கேள்வி வரும் வீட்டை விட்டு அடுத்த தெருவுக்குப் போவதே என் ஆலோசனை. பல சமூகத்தினரும் கலந்து குடியிருக்கும் பகுதிகள் இராமநாதபுரம் நகரிலும் மண்டபத்திலும் உள்ளன. தனியாளாக வேலைக்கு வரும் பெண்களையும் திருமணமாகாத இளைஞர்களையும் தயங்கி ஏற்கும் உரிமையாளர்கள், அலுவலக அடையாள அட்டையையும் ஊரில் உள்ள பெற்றோரின் தொலைபேசி எண்ணையும் கொடுத்தால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். ஆதார் நகலைக் கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். கடலோரக் கிராமங்களில் புதிதாகக் குடிவருவோரைப் பற்றிப் போலீசார் விசாரிப்பது இயல்பு.

சாமான் இறக்கும் நாளில், லாரியிலிருந்து முதல் பெட்டியை எடுப்பதற்கு முன், வெறும் வீட்டைப் படம் எடுத்துவிடுங்கள். சீலிங்கின் விரிசல், பொரிந்த சுவர், துருவேறிய ஜன்னல் கம்பி, உடைந்த வாஷ்பேசின், சப்-மீட்டரின் எண் ஆகிய எல்லாவற்றையும் எடுத்து, அன்றைக்கே உரிமையாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்ப வேண்டும். ‘குடிவரும்போது இருந்த நிலை’ என்று ஒரு வரி போதும். உப்புக்காற்று தின்ற கம்பிக்கும் காரைக்கும் காலி செய்யும் நாளில் அட்வான்ஸிலிருந்து பிடித்தம் செய்ய முயன்றால், தேதியோடு கூடிய அந்தப் படங்கள்தான் பேசும். வாடகையை மாதந்தோறும் வங்கி வழியாகவோ யூபிஐ வழியாகவோ கொடுங்கள்; கையில் கொடுத்தால் ஒரு சிறு நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். காலி செய்வதாக இருந்தால், அட்வான்ஸைக் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கடைசி மாதங்களின் வாடகையை நிறுத்திவிடும் பழக்கம் இங்கே பலருக்கும் உண்டு. உரிமையாளரிடம் முன்கூட்டிச் சொல்லி, அவர் ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கிய பிறகே அதைச் செய்ய வேண்டும்.